பெயர்ப் பொருத்தம்

மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்:
பெயர் பொருந்தவில்லை.
பட்டச் சான்றிதழில் தெ. குயிலி.
பாஸ்போர்ட்டில் குயிலி தெய்வசிகாமணி.
கவுன்சில் பதிவேட்டில்
யாரோ ஒரு குமாஸ்தாவின் மதிய அவசரத்தில்
டி. குயில்.
ஒரே வெள்ளைக் கோட்டுக்குள் மூன்று பேர்
ஒளிந்திருப்பதாக
மான்செஸ்டரில் சந்தேகிக்கிறார்கள்.

பாரிமுனை நோட்டரியிடம் போகிற வழியில்
கொருக்குப்பேட்டை கேட்.
போட்டால் போட்டதுதான்.
அப்பா டிவிஎஸ்ஸை அணைத்துவிட்டு
போகிற கண்டெய்னர்களைப் படிக்கிறார்.
இருபத்தாறு வருஷம் யார்டில் சீல் பார்த்த கண்.
நாலு எழுத்து, ஏழு எண்,
கடைசி எண்ணை வைத்து
மற்றதெல்லாம் சரியா என்று கண்டுபிடித்துவிடலாமாம்.
ராட்டர்டாமுக்குப் போனாலும் அதே பேர்தான்.
"ஒனக்கும் ஒரு நம்பர் அட்ச்சி உட்டிருக்கலாம்" என்கிறார்.
ஃபாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு.
வெறுமையாய் விட முடியாது.
எங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லை,
ஆளுக்கு ஒன்றுதான் இருக்கிறது.
ஆகவே அப்பாவுடையதை எடுத்துக்கொண்டேன்.
அங்கே என்னை டாக்டர் தெய்வசிகாமணி என்பார்கள்
என்றதும்
ஹெல்மெட்டுக்குள் அவர் சிரித்தது
எனக்குத் தோளில் தெரிந்தது.

முப்பத்தேழாவது பெட்டி.

ராத்திரி டியூட்டி முடித்து
பர்வீனும் நானும் ஹாஸ்டல் மாடியில் பழகுகிறோம்.
அவள் அழுகிற கணவன். நான் டாக்டர்.
செல்போனில் எட்டு நிமிஷம் ஓடுகிறது.
பெயரைச் சொல்.
உட்காரச் சொல்.
என்ன தெரியும் என்று முதலில் கேள்.
கெட்ட செய்தி வருகிறது என்று ஒரு வாக்கியம் விடு.
அப்புறம் சொல்.
அப்புறம் சும்மா இரு.
சும்மா இருப்பதற்கும் மார்க் உண்டு.
"நீ சீக்கிரம் பேசிடற" என்கிறாள் பர்வீன்
கண்ணைத் துடைத்துக்கொண்டே.
நன்றாக நடிப்பாள்.

தொடுவதற்கு முன் அனுமதி கேட்பதும் பாடம்.
அது வார்டுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.
கெளுத்தி முள் ஏறி வீங்கின கையோடு
காசிமேட்டிலிருந்து வந்த அம்சாவிடம்
"தொட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.
"இன்னா டாக்டரே,
தொடாத எப்டி எடுப்ப, காந்தம் வச்சா?"
ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வரை சிரித்தார்.
ஆனாலும் கையை அவளே நீட்டினாள்,
முன்னைவிட மெதுவாக.

ஐம்பத்திரண்டு. இன்னும் முடியவில்லை.

போன சித்திரையில் ஒருவர் வந்தார்.
மணலி ரோட்டில் லாரி.
வரும்போதே ஒன்றுமில்லை.
அவர் மனைவி நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு,
ஒரு காலில் மட்டும் செருப்போடு,
என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இல்லம்மா" என்றேன்.
அவ்வளவுதான்.
பக்கத்தில் ஒரு குழந்தைக்கு வலிப்பு. போய்விட்டேன்.
ஆறு விநாடி இருக்குமா?
அவள் என்ன இல்லை என்று கேட்டாளா
என்பதுகூடத் தெரியாது.

இப்போது இங்கிலீஷில் எனக்கு எல்லாம் வருகிறது.
எங்கே நிறுத்துவது, எப்போது டிஷ்யூ நீட்டுவது.
லட்சம் லட்சமாய்க் கட்டிக் கற்றது.
அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன், கேட்டுக்கு இந்தப் பக்கம்,
ஆட்டோவுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில்,
வாய்க்குள்ளேயே.
என் பேர் குயிலி.
உக்காருங்கம்மா.
முதல் வரியிலேயே நிற்கிறது,
அன்றைக்கு அங்கே நாற்காலி இல்லை.

கடைசிப் பெட்டி போய்விட்டது.
கேட் தூக்குவதற்குள் ஹாரன்கள்.
மடியில் இருபது ரூபாய்ப் பத்திரம்:
மேற்படி மூவரும் ஒருவரே என்று
நான் உறுதி கூற வேண்டும்.

"இன்னா முணுமுணுக்கற?" அப்பா கேட்கிறார்.

ஸ்பெல்லிங், என்றேன்.